வெள்ளரி இலையில் ஆரஞ்சுப் புழுக்கள்: மருந்து அடிக்கலாமா?

கேள்வி: குலசேகரம் அருகே பசுமைக்குடிலில் வெள்ளரி போட்டிருக்கிறேன். கொழுந்தில் சாறு உறிஞ்சும் அசுவினிப் பூச்சி அடர்ந்துவிட்டது. அதன் நடுவே ஆரஞ்சு நிறப் பொடிப் புழுக்களும் தெரிகின்றன. இரண்டுக்கும் சேர்த்து மருந்து அடிக்கலாமா? வெளிநாட்டில் அசுவினியைத் தின்னும் ஈயை விற்கிறார்களாமே, அதை வாங்கலாமா?

பதில்: தயவுசெய்து மருந்து அடிக்காதீர்கள். நீங்கள் வாங்க நினைக்கும் ஈயின் புழுவே உங்கள் குடிலுக்குள் வந்திருக்கக்கூடும்.

லென்ஸ் வைத்துப் பாருங்கள். கால் இல்லாமல், 3 மில்லிமீட்டருக்குள், ஆரஞ்சு நிறத்தில் இருந்தால் பெரும்பாலும் அது அபிடோலெட்டிஸ் வகை ஈயின் புழுதான். ஆறு கால் தெரிந்தால் பொறிவண்டின் இளம்புழு. அதுவும் நமக்கு வேண்டியதே. இந்த ஈயின் புழு அசுவினியின் கால் மூட்டில் கடித்து, நஞ்சைச் செலுத்தி முடக்கிவிட்டுச் சாற்றை உறிஞ்சும். செத்த அசுவினி கறுத்துச் சுருங்கி இலையிலேயே ஒட்டிக்கொண்டிருக்கும். நெல்லைக் கெடுக்கும் ஆனைக்கொம்பன் ஈயும் இதே குடும்பம் என்பதால் நாஞ்சில் நாட்டு விவசாயிகள் பயப்படலாம். ஆனால் அபிடோலெட்டிஸ் புழு அசுவினியை மட்டுமே உண்ணும், பயிரைத் தொடாது.

இனி முக்கியமான விஷயம், உங்கள் குடிலின் தரை. வயிறு நிறைந்த புழு கீழே விழுந்து, மண்ணின் மேலடுக்கில் இரண்டு மூன்று சென்டிமீட்டருக்குள் கூட்டுப்புழுவாகும். களை முளைக்காதிருக்கத் தரை முழுவதும் பிளாஸ்டிக் பாய் விரித்திருந்தால் அதற்கு ஒதுங்க இடமே கிடைக்காது. ஒரு தலைமுறையோடு எல்லாம் முடிந்துவிடும். எத்தனை முறை விலை கொடுத்து வாங்கி விட்டாலும் இதே கதிதான். செடி வரிசைக்குக் கீழே பாயை விலக்கி, ஈரமான தென்னை நார்க்கழிவை இரண்டு விரல் கனத்துக்குப் பரப்புங்கள். நம் குமரி மாவட்டத்தில் அதற்குப் பஞ்சமில்லை. அது காயவும் கூடாது, நீர் தேங்கவும் கூடாது.

எறும்பையும் தடுக்க வேண்டும். அசுவினி கழிக்கும் இனிப்பு நீரான தேன்கழிவுக்காக எறும்பு அதற்குக் காவல் நிற்கும். பந்தல் கம்பிகளிலும் கால்களிலும் பசைப்பட்டை சுற்றுங்கள். புழு இல்லாத கொழுந்துகளில் மட்டும் தண்ணீரைப் பீய்ச்சி அசுவினியை உதிர்க்கலாம். இமிடாகுளோபிரிட் போன்ற பூச்சிக்கொல்லிகள் வேண்டவே வேண்டாம்.

குடிலின் மூலையில் தொட்டிகளில் மக்காச்சோளம் வளர்ப்பது எனக்கு மிகவும் பிடித்த உத்தி. அதில் வரும் அசுவினி வெள்ளரிக்குத் தாவாது. வெள்ளரியில் இரை குறையும்போதும் ஈ பட்டினி கிடக்காமல் அங்கே முட்டையிடும்.

இந்த ஈக்குச் சுமார் 20 முதல் 27 டிகிரி வெப்பமும் நல்ல ஈரப்பதமும் ஏற்றவை. நமக்கு இரண்டு பருவமழையும் உண்டென்பதால் ஈரத்துக்குக் குறைவில்லை. பங்குனி, சித்திரை நண்பகல் வெக்கைதான் சிக்கல்; அப்போது நிழல்வலை போட்டுக் காற்றோட்டம் கொடுங்கள்.

வெளிநாட்டிலிருந்து தபாலில் வரவழைக்க முயலாதீர்கள். மத்திய அரசின் அனுமதியில்லாமல் உயிருள்ள பூச்சியை இறக்குமதி செய்வது சட்டவிரோதம். புழுக்கள் பெருகாமல் அசுவினி மட்டும் ஏறிக்கொண்டே போனால், இலையைப் பையில் போட்டு எடுத்துக்கொண்டு திருப்பதிசாரம் வேளாண் அறிவியல் நிலையத்துக்குச் செல்லுங்கள். அசுவினியைத் தின்னும் இன்னொரு பூச்சியான கிரைசோபெர்லாவின் முட்டை ஒட்டிய அட்டை எங்கே கிடைக்கும் என்றும் அங்கேயே கேளுங்கள்.