ஈறில் ரத்தம், வாயில் வாடை: இரவில் பல் துலக்குகிறீர்களா?

கேள்வி: எனக்கு வயது 46. தோட்டத்தில் பிறந்து வளர்ந்தவள். இப்போது மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் ஒரு தாமானில் (வீடமைப்புப் பகுதியில்) இருக்கிறோம். தொழிற்சாலையில் மாலை ஷிப்ட் வேலை. வீடு திரும்பவே இரவு 11 மணி ஆகிவிடும். தினமும் காலையில் தவறாமல் பல் துலக்குகிறேன். ஆனாலும் வாய் நாறுகிறது என்று மகளே சொல்லிவிட்டாள். கீழ்ப்பல் ஈறில் ரத்தம் வருவதால் அந்தப் பக்கம் பிரஷ் வைப்பதில்லை. வாடை தெரியாமல் இருக்க வெற்றிலை பாக்கு போடுகிறேன். அம்மாவுக்கு இனிப்பு நீர் (நீரிழிவு) உண்டு, நான் சோதித்ததில்லை. என்ன செய்யலாம்?

பதில்: சகோதரி, மகள் சொன்னதற்காக மனம் நோகாதீர்கள். வெளியார் யாரும் இதை முகத்துக்கு நேரே சொல்ல மாட்டார்கள். பெற்ற பிள்ளைதான் சொல்லும்.

காலையில் தவறாமல் துலக்குவதாக எழுதியிருக்கிறீர்கள். இரவைப் பற்றி ஒரு வார்த்தைகூட இல்லை. நானும் தோட்டத்து லயத்தில் வளர்ந்தவன்தான். பெரட்டுக்கு, அதாவது தோட்டத்தில் காலையில் ஆள் கணக்கெடுக்கும் இடத்துக்கு, போவதற்கு முன்பே, இருட்டோடு, குழாயடியில் கரியும் உப்பும் வைத்துப் பல் தேய்த்துவிடுவார் என் பாட்டி. பல் துலக்காமல் கோப்பி கேட்டால் கிடைக்காது. ஆனால் துலக்காமல் படுக்காதே என்று அந்த வீட்டில் யாரும் சொன்னதில்லை. பல் துலக்குவது நமக்குக் காலைக்கடனாகவே பழகிவிட்டது.

பல்லைப் பொறுத்தவரை ஆபத்தான நேரம் இரவுதான். பகலெல்லாம் வாயைக் கழுவிக்கொண்டே இருப்பது எச்சில். தூங்கும்போது அது வெகுவாகக் குறைந்துவிடும். 11 மணிக்கு வந்து சோறு சாப்பிட்டு, கெட்டிப்பால் ஊற்றிய தேத்தண்ணி குடித்துவிட்டு அப்படியே படுத்தால், கிருமிகளுக்கு விடியும்வரை விருந்து. அவை சர்க்கரையை அமிலமாக்கிப் பல்லை அரிக்கும். உணவிலும் எச்சிலிலும் உள்ள புரதத்தைச் சிதைத்துக் கந்தக வாயுக்களை உண்டாக்கும். நீங்கள் சொல்லும் வாடை அதுதான். வயிற்றில் கோளாறு என்று பலரும் நினைக்கிறார்கள். பெரும்பாலும் வாடை பிறக்கும் இடம் வாய்தான்.

அடுத்தது ரத்தம். ஈறு ஓரத்தில் படியும் அழுக்கினால் ஈறு வீங்கியிருக்கிறது, அதனால்தான் கசிகிறது. ரத்தம் வருகிறது என்று அந்தப் பக்கத்தை விட்டுவிட்டால் அழுக்கு மேலும் சேரும், ரத்தமும் கூடும். அந்த இடத்தைத்தான் நன்றாகத் துலக்க வேண்டும். மென்மையான பிரஷை ஈறை நோக்கிச் சற்றுச் சாய்த்து வைத்து, அழுத்தாமல், சிறிய வட்டமாக அசையுங்கள். முதல் சில நாள் ரத்தம் வரத்தான் செய்யும், பயப்படாதீர்கள். ஒழுங்காகத் துலக்கினால் பலருக்கு ஓரிரு வாரத்தில் குறைந்துவிடும்.

படுக்கும் முன் 2 நிமிடம், காலையில் 2 நிமிடம் துலக்குங்கள். ஃபுளோரைடு உள்ள பற்பசையாக வாங்குங்கள். அளவு 1,000 பிபிஎம்முக்குக் (பத்து லட்சத்தில் இத்தனை பங்கு என்ற கணக்கு) குறையக் கூடாது, 1,450 இருந்தால் நல்லது. துலக்கியதும் நுரையைத் துப்பிவிட்டு அப்படியே விடுங்கள், தண்ணீர் விட்டுக் கொப்பளிக்க வேண்டாம். முதலில் ஒரு மாதிரியாகத்தான் இருக்கும். ஆனால் ஃபுளோரைடு பல்லில் தங்கி வேலை செய்ய அதுதான் வழி. கரி வேண்டவே வேண்டாம், அது பல்லின் மேற்பூச்சைத் தேய்த்துவிடும். பல்லிடுக்கில் பிரஷ் போகாது. அதற்குப் பல் நூல் இருக்கிறது, இரவில் ஒருமுறை போதும். நாக்கின் பின்பகுதியையும் மெதுவாக வழித்துவிடுங்கள், வாடையில் பாதி அங்கேதான் ஒளிந்திருக்கும். தேத்தண்ணியைச் சாப்பாட்டோடு முடித்துக்கொள்ளுங்கள். துலக்கிய பிறகு வெறும் தண்ணீர்தான்.

வெற்றிலை பாக்கை நிறுத்திவிடுங்கள். இதை நான் கெஞ்சிக் கேட்டுக்கொள்கிறேன். அது வாடையை மூடுமே தவிரப் போக்காது. புகையிலை சேர்க்காவிட்டாலும் வாய்ப் புற்றுநோய் வரலாம். பாக்கே புற்றுநோயை உண்டாக்கும் பொருள் என்று உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 2004-ல் வெளியிட்ட ஆய்வுத் தொகுப்பில் உறுதியாகவே சொல்லியிருக்கிறது. வாயில் வெள்ளைத் திட்டோ, 2 வாரமாகியும் ஆறாத புண்ணோ, முன்போல வாயைத் திறக்க முடியாத இறுக்கமோ இருந்தால் ஒரு நாளும் தள்ளிப் போடாதீர்கள்.

எப்படியிருந்தாலும் பல் மருத்துவரை ஒருமுறை பார்த்தே ஆக வேண்டும். அழுக்கு கல்லாகக் கெட்டித்துவிட்டால் எந்தப் பிரஷுக்கும் அசையாது. கல்லை எடுத்தால் பல் ஆடும் என்று பயந்து பலர் வருவதில்லை. உண்மையில் பல்லை ஆட்டுவது அந்தக் கல்லால் கெட்டுப்போன ஈறும் எலும்பும்தான். அரசாங்கப் பல் கிளினிக்கில் கட்டணம் மிகக் குறைவு. உங்களுக்கு மாலை ஷிப்ட் என்பதால் காலையில் போய்வர நேரம் இருக்கும். பள்ளிக்கு வரும் பல் தாதியிடம் சிறு வயதில் வாயைத் திறந்து காட்டியதோடு சரி என்று இருக்கிறவர்கள் நம்மில் எத்தனையோ பேர்.

கிளினிக் போகிற அதே வாரம் இனிப்பு நீரும் சோதித்துக்கொள்ளுங்கள். அது இருந்தால் ஈறு நோய் முற்றும். ஈறு கெட்டுக் கிடந்தால் சர்க்கரையும் கட்டுக்குள் நிற்காது. அம்மாவுக்கு இருக்கிறது, உங்களுக்கு 40 தாண்டிவிட்டது, ஈறில் ரத்தமும் வருகிறது. இந்த மூன்றையும் பல் மருத்துவரிடம் சொல்லுங்கள். தினமும் எத்தனை தடவை பாக்கு போட்டீர்கள் என்பதையும் மறைக்காமல் சொல்லிவிடுங்கள்.