ஸ்டென்டுக்குக் கிருமிநாசினிப் பூச்சு – கடிதமும் பதிலும்

அன்புள்ள ஐயா,

என் அப்பாவுக்குப் பித்தநாளத்தில், பித்தம் அடைபடாமல் வடிவதற்கான சிறு குழாயான பிளாஸ்டிக் ஸ்டென்ட் வைத்திருக்கிறார்கள். மூன்று மாதத்துக்கு ஒருமுறை எண்டோஸ்கோப்பி செய்து மாற்ற வேண்டுமாம். ஒவ்வொரு முறையும் அவர் தளர்ந்துபோகிறார். பாக்டீரியாவைக் கொல்லும் பூச்சு பூசிய ஸ்டென்ட் பற்றிப் படித்தேன். அதை ஏன் எல்லோருக்கும் வைப்பதில்லை? அதுவரை ஆன்டிபயாடிக் மாத்திரை தொடர்ந்து கொடுத்தால் அடைப்பு வராமல் இருக்குமா?

க.

அன்புள்ள க.,

பித்தநாளம் சிறுகுடலில் திறக்கும் இடத்தில் ஒரு சுருக்குத்தசை இருக்கிறது. குடல் கிருமிகளை மேலே ஏறவிடாமல் தடுப்பதில் அதற்குப் பெரிய பங்குண்டு. ஸ்டென்டின் ஒரு முனை பெரும்பாலும் அந்த வாசலைத் தாண்டிக் குடலுக்குள் நீட்டிக்கொண்டிருக்கும். வாசல் மூடாது; ஈ.கோலை, கிளெப்சியெல்லா, என்டரோகாக்கஸ் எல்லாம் உள்ளே வரும். வந்தவை குழாயின் உள்சுவரில் ஒட்டி, பிசுபிசுப்பான படலம் கட்டிக்கொண்டு அதற்குள் வாழும்.

அடைப்பை உண்டாக்குவது இந்தக் கிருமிக் கூட்டம் மட்டுமல்ல. கல்லீரல், பிலிருபின் என்ற மஞ்சள் நிறமியை நீரில் கரையும் வடிவத்துக்கு மாற்றித்தான் பித்தத்தில் அனுப்புகிறது. பாக்டீரியாக்களின் பீட்டா குளுக்குரோனிடேஸ் என்ற நொதி அந்த மாற்றத்தைக் கலைத்துவிடும். விடுபட்ட பிலிருபின் கால்சியத்தோடு சேர்ந்து கரையாத கசடாகப் படியும். கூடவே கொழுப்பமிலங்களின் கால்சிய உப்புகள், குடலிலிருந்து மேலேறும் உணவு நார்கள். வழக்கமான பெரிய பிளாஸ்டிக் ஸ்டென்டின் வெளிவிட்டமே சுமார் 3.3 மில்லிமீட்டர்தான். மூன்று, நான்கு மாதத்தில் அது அடைபடுவதில் வியப்பில்லை.

சரி, பூச்சுக்கு வருவோம். வெள்ளி, ஆன்டிபயாடிக், ரத்தம் உறைவதைத் தடுக்கும் ஹெபாரின், நீர் ஒட்டி வழுக்கும் பாலிமர் என்று பலவற்றை முயன்றிருக்கிறார்கள். ஆய்வகத்தில் கிருமி ஒட்டுவதைக் குறைத்தவை அவற்றில் உண்டு. உடலுக்குள் நிலைமை வேறு. ஸ்டென்ட் உள்ளே போனதுமே பித்தத்தில் உள்ள புரதங்கள் அதன் மேல் படிந்துவிடுகின்றன. அதன்பின் வரும் பாக்டீரியா பூச்சைத் தொடுவதே இல்லை; அந்தப் புரதத்தில் ஒட்டிக்கொள்கிறது. மருந்தைக் கசியவிடும் பூச்சு என்றால் மருந்து தீர்ந்துபோகும், குடலிலிருந்து கிருமி வருவது மட்டும் தீராது. வழுக்கும் பூச்சுள்ள ஸ்டென்ட்களை நோயாளிகளிடம் ஒப்பிட்டுப் பார்த்தபோதும், சாதாரண பாலிஎத்திலீன் பிளாஸ்டிக் ஸ்டென்டைவிட அவை அதிக நாள் திறந்திருக்கவில்லை. எனவே, கிருமியைக் கொல்வதோடு புரதம் படிவதையும் தடுத்து, மாதக்கணக்கில் தாங்கும் பூச்சுதான் தேவை என்று நினைக்கிறேன்.

மாத்திரையைத் தயவுசெய்து நீங்களாகத் தொடர வேண்டாம். படலத்துக்குள் இருக்கும் பாக்டீரியாவை ஆன்டிபயாடிக் எளிதில் அழிக்காது. அடைப்பைத் தள்ளிப்போடத் தொடர்ந்து கொடுத்துப் பார்த்த ஆய்வுகளிலும் நம்பத்தக்க பலன் கிடைக்கவில்லை. மருந்துக்கு மசியாத கிருமிகள்தான் மிஞ்சும்.

இன்றைக்குக் கைகொடுப்பது அகலம். உலோக ஸ்டென்ட் 8 முதல் 10 மில்லிமீட்டர்வரை விரியும், பிளாஸ்டிக்கைவிடப் பல மாதம் கூடுதலாகத் திறந்திருக்கும். ஆனால் உறையில்லாத, வெறும் கம்பிவலையாக இருக்கும் உலோக ஸ்டென்ட் திசுவோடு பிணைந்துவிடும், பிறகு எடுப்பது மிகக் கடினம். அப்பாவின் அடைப்பு எதனால் வந்தது என்பதைப் பொறுத்துத்தான் எது பொருந்தும் என்று சொல்ல முடியும். அடுத்த முறை மருத்துவரிடம் இதை நேராகவே கேளுங்கள்.

அவர் நன்றாக இருந்தாலும் மாற்றும் தேதியைத் தள்ளிப்போடாதீர்கள். குளிர்நடுக்கத்தோடு காய்ச்சல், கண்ணில் மஞ்சள், சிறுநீர் அடர்நிறமாவது, வலது மேல்வயிற்றில் வலி: இவற்றில் எது வந்தாலும், முக்கியமாக நடுக்கத்தோடு காய்ச்சல் என்றால், விடியட்டும் என்று காத்திராமல் அன்றிரவே மருத்துவமனைக்குப் போய்விடுங்கள்.