கேள்வி – பதில்: பகடையை உருட்டும் முன்

மேசையைச் சுற்றி அமர்ந்து, ஆளுக்கொரு பாத்திரத்தை ஏற்று ஆடும் மாயாஜாலக் கற்பனை விளையாட்டுகளில், ஆட்டத்தை நடத்தும் ‘கேம் மாஸ்டர்’ பொறுப்பைப் புதிதாக ஏற்றவர்கள் எழுதிய கடிதங்களுக்கு இந்த இதழில் பதில் தருகிறோம்.

கேள்வி: முதன்முறையாக ஆட்டம் நடத்துவதற்காக 30 பக்கங்களில் கதை எழுதி வைத்திருந்தேன். பாழடைந்த கோட்டைக்குப் போக வேண்டிய நண்பர்கள், வழியில் சந்தித்த ஓடக்காரனிடம் பேச்சுக் கொடுத்து, அவனோடு ஆற்றின் மறுகரைக்குப் போய்விட்டார்கள். எழுதியதில் ஒரு பக்கம்கூடப் பயன்படவில்லை. அவர்களைக் கோட்டைக்குத் திருப்புவது எப்படி?

பதில்: திருப்ப வேண்டியதில்லை. நீங்கள் எழுதியது ஒரு நாவல்; நாவலின் நாயகன் ஆசிரியர் சொன்ன பாதையில் நடப்பான். ஆட்டத்திலோ நாயகர்கள் நால்வர் என்றால் நால்வருக்கும் சொந்த மூளை இருக்கிறது. அவர்கள் என்ன செய்வார்கள் என்று எழுதிவைக்கும் ஒவ்வொரு வரியும் வீணாகப் போகக்கூடிய வரிதான்.

இந்த விளையாட்டு பிறந்த விதமே இதற்குச் சான்று. 1969ஆம் ஆண்டு அமெரிக்காவின் மினியாபோலிஸ் – செயின்ட் பால் வட்டாரத்தில் டேவிட் வெஸ்லி என்பவர், நெப்போலியன் காலத்துக் கற்பனை நகரமான பிரவுன்ஸ்டைனைக் களமாகக் கொண்டு ஒரு போர் விளையாட்டை நடத்தினார். வழக்கம்போல் படைகளை மட்டும் ஒப்படைக்காமல், நகரத்து மனிதர்களையும் அவரவர் நோக்கங்களையும் ஆட்டக்காரர்களுக்குப் பிரித்துக் கொடுத்தார். அவர்கள் படைகள் மோதும்வரை காத்திருக்காமல், தங்களுக்குள் பேரம் பேசுவதும் சூழ்ச்சி செய்வதுமாக ஆளுக்கொரு பக்கம் போனதைக் கண்டு, ஆட்டம் கெட்டுவிட்டது என்றே வெஸ்லி எண்ணினார். ஆடியவர்களோ மறுபடியும் எப்போது என்று கேட்டார்கள். அந்தக் குழுவில் ஆடிய டேவ் ஆர்னெசன் பின்னர் ‘பிளாக்மூர்’ என்னும் தொடர் ஆட்டத்தை உருவாக்கினார். கேரி கைகாக்ஸுடன் அவர் சேர்ந்து படைத்த ‘டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்’ 1974இல் வெளிவந்தது. ஆகவே, உங்கள் மேசையில் நடந்தது விபத்தன்று. இந்த விளையாட்டின் இயல்பே அதுதான்.

அடுத்த முறை என்ன நடக்கும் என்று எழுதாமல், யாருக்கு என்ன வேண்டும் என்று எழுதுங்கள். கோட்டைத் தலைவன் வரப்போகும் முற்றுகைக்கு அஞ்சி ஊரின் தானியத்தைப் பதுக்குகிறான். ஓடக்காரனின் தம்பி அந்தக் கோட்டையின் சிறையில் கிடக்கிறான். மறுகரைக் காட்டிலுள்ள கொள்ளைக்கூட்டத் தலைவி முன்பு அதே கோட்டையில் காவல் புரிந்தவள், அதன் இரகசிய வழியை அறிந்தவள். இவ்வளவு இருந்தால், ஆட்டக்காரர்கள் எந்தக் கரைக்குப் போனாலும் கோட்டையைப் பற்றிய பேச்சு அவர்கள் காதில் விழாமல் இராது. இதனுடன், ஆட்டக்காரர்கள் எதிலும் தலையிடாவிட்டால் பத்து நாட்களில் என்ன ஆகும் என்பதையும் நான்கு வரிகளில் குறித்துக்கொள்ளுங்கள். எல்லாம் ஒரே தாளில் அடங்கிவிடும்.

எந்தத் திசையில் போனாலும் கோட்டையைத் தூக்கிக்கொண்டுபோய் அவர்கள் முன் வைத்துவிடலாம் என்று சிலர் யோசனை சொல்வதுண்டு. எனக்கு அதில் உடன்பாடில்லை. இடமா வலமா என்று கால் மணி நேரம் வாதாடி எடுத்த முடிவுக்குப் பொருளே இல்லை என்பது ஒருநாள் தெரிந்துவிடும். அதன்பின் அவர்கள் எதையும் அக்கறையோடு முடிவு செய்யமாட்டார்கள். ஆனால், அவர்கள் கண்ணில் படாத ஒரு பொறியையோ ஒரு நிலவறையின் வரைபடத்தையோ பின்னொரு நாளில் வேறோர் இடத்தில் பயன்படுத்துவதில் தவறேதும் இல்லை.

கேள்வி: இரகசியக் கதவைக் கண்டுபிடிக்கப் பகடை உருட்டச் சொன்னேன். அனைவரும் தோற்றார்கள். கதவுக்கு அப்பால்தான் கதை இருந்தது. அரை மணி நேரம் எல்லோரும் சுவரையே பார்த்துக்கொண்டிருந்தோம்.

பதில்: அந்த அரை மணி நேரத்தை நானும் அனுபவித்திருக்கிறேன். பகடையைக் கையில் எடுக்கச் சொல்வதற்கு முன் உங்களையே கேட்டுக்கொள்ளுங்கள்: இது தோற்றால் அடுத்து என்ன நடக்கும்? ‘ஒன்றும் நடக்காது’ என்பது விடையானால், உருட்டச் சொல்லாதீர்கள், கதவைக் கொடுத்துவிடுங்கள்.

கணக்கைப் பார்த்தால் இதன் காரணம் விளங்கும். இருபது முகப் பகடையில் விழும் எண்ணோடு ஆட்டக்காரரின் திறமைக்கான கூடுதல் புள்ளியைச் சேர்த்து இலக்கு எண்ணை எட்டவேண்டும். இலக்கு 15, கூடுதல் 5 என்று வைத்துக்கொண்டால், பகடையில் 10 அல்லது அதற்கு மேல் விழவேண்டும். இருபது முகங்களில் பதினொன்று சாதகம். அதாவது வெற்றி வாய்ப்பு 55 விழுக்காடு. திறமைசாலி என்று நாம் கருதும் ஒருவரே ஏறத்தாழப் பாதி முறை தோற்பார். அந்த ஒரே உருட்டலின் மேல் முழு மாலைப்பொழுதையும் ஏற்றிவைப்பது அறிவுடைமை ஆகாது. மாறாக, ஒரே உண்மையை நோக்கி மூன்று தனித்தனித் துப்புகளை வைத்தால், ஒவ்வொன்றுக்கும் இதே வாய்ப்பு இருந்தாலும், மூன்றையும் தவறவிடும் வாய்ப்பு சுமார் 9 விழுக்காடாகக் குறைந்துவிடுகிறது. கதை நகர்வதற்கு இன்றியமையாத துப்பு என்றால், அதைப் பகடையே இல்லாமல் தருவது இன்னும் நல்லது.

தோல்வி என்பது கதவு அடைபட்டது என்றுதான் பொருள்பட வேண்டுமா என்றும் யோசியுங்கள். பூட்டு திறக்கிறது, ஆனால் கள்ளச்சாவி உள்ளே முறிந்து கிடக்கிறது. அல்லது திறக்கும் ஓசை கேட்டுக் காவலர் இருவர் படியிறங்கி வருகிறார்கள். 2010இல் வெளிவந்த ‘அப்போகலிப்ஸ் வேர்ல்டு’ என்ற விளையாட்டு இந்தச் சிந்தனையை விதியாகவே ஆக்கியது. அதில் சாதாரண ஆறு முகப் பகடைகள் இரண்டை உருட்டிக் கூட்டுகிறார்கள். 10க்கு மேல் போனாலோ 10 விழுந்தாலோ முழு வெற்றி, 7 முதல் 9 வரை விலை கொடுத்துப் பெறும் வெற்றி, 6 அல்லது அதற்குக் கீழ் என்றால் நடத்துநர் தொல்லை கொடுக்கலாம். கூடுதல் புள்ளி ஏதுமின்றி உருட்டினால், 36 விளைவுகளில் 15 அந்த நடுப்பகுதியில் விழுகின்றன. நீங்கள் வேறு விதிநூலைப் பின்பற்றினாலும் இந்த நடுப்பகுதியை இரவல் வாங்கிக்கொள்ளலாம்.

கேள்வி: என் குறிப்புகளை மறைக்க மேசையில் நிறுத்தும் மறைப்பு அட்டைக்குப் பின்னால் நான் உருட்டும் பகடையை யாரும் பார்ப்பதில்லை. நண்பரின் பாத்திரம் சாகும் நிலையில் எண்ணை மாற்றிச் சொல்லலாமா?

பதில்: அனுபவமுள்ள நடத்துநர்களிடையே இதில் கருத்து வேறுபாடு உண்டு. என் விடை, கூடாது என்பதே. ஒருமுறை நான் அப்படிச் செய்தேன். காப்பாற்றப்பட்டவரே என் முகத்தைப் பார்த்துக் கண்டுகொண்டார். அன்று முதல் அவர் வென்ற சண்டைகளைக்கூட உண்மையாக வென்றதாக நம்பவில்லை. சாவை ஏற்க மனமில்லை என்றால் அதை உருட்டலுக்கு முன்பே சொல்லிவிடுங்கள்: ‘இந்த அடியில் விழுந்தால் நீ சாகமாட்டாய், சிறைப்படுவாய்.’ அதன்பின் எல்லோரும் பார்க்கும்படி உருட்டுங்கள். பொதுவாகவே, பிடிபடுவது, ஆசையாகச் சேர்த்த வாளை இழப்பது, எதிரிக்குக் கடன்படுவது ஆகியவை சாவைவிட நல்ல கதைகளைத் தருகின்றன.

கேள்வி: மூன்று மாதங்களாக வளர்த்துவந்த டிராகனை ஐந்து பேரும் சேர்ந்து இரண்டே சுற்றுகளில் கொன்றுவிட்டார்கள். அது எவ்வளவு அடி தாங்கும் என்பதைக் குறிக்கும் உயிர்ப்புள்ளிகளை இரட்டிப்பாக்கவா?

பதில்: வேண்டாம், சண்டை நீளுமே தவிர சூடு பிடிக்காது. ஒரு சுற்றில் அவர்களுக்கு ஐந்து முறை, டிராகனுக்கு ஒரு முறை என்பதுதான் கோளாறு. ‘டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்’ ஐந்தாம் பதிப்பு 2014இல் வந்தபோது, முதிர்ந்த டிராகன் போன்ற பெரும் எதிரிகள் மற்றவர்களுடைய முறைகளின் முடிவிலும் செயல்பட இடம் தந்தது இதற்காகத்தான். அந்த விதியைப் பயன்படுத்துங்கள், அல்லது டிராகனுக்குச் சில ஏவலாட்களைக் கொடுங்கள். நூற்றாண்டுகள் வாழ்ந்த டிராகன் தரையில் நின்று அடிவாங்காது என்பதையும் நினைவிற்கொள்ளுங்கள். அது பறக்கும், தப்பியோடும், பழிவாங்கத் திரும்பிவரும்.

கேள்வி: எங்கள் குழுவில் ஒருவர் எல்லாருக்குமாகச் சேர்த்துப் பேசுகிறார். ஒரு தோழி வாயே திறப்பதில்லை.

பதில்: முதலில் தோழியைத் தனியே கேளுங்கள். பார்த்துக்கொண்டிருப்பதிலேயே மகிழ்கிறவர்களும் உண்டு. அவர்களை மேடையேற்றுவது துன்புறுத்தல். பேச விரும்பியும் இடம் கிடைக்காதவர் என்றால், ‘நீ என்ன செய்கிறாய்?’ என்ற அகன்ற கேள்வியைத் தவிர்த்து, அவருடைய பாத்திரம் மட்டுமே விடை சொல்லக்கூடிய குறுகிய கேள்வியைக் கேளுங்கள்: ‘இந்தக் கல்வெட்டு உன் குருவின் கையெழுத்துப் போல் இருக்கிறது, மற்றவர்களிடம் சொல்வாயா?’ அதிகம் பேசுகிறவரை அடக்குவதைவிட அவருக்கு வேலை கொடுப்பது எளிது. ‘அவளுடைய திட்டத்தில் நீ எப்படி உதவுகிறாய்?’ என்று கேட்டால் அவர் பேச்சு அவளுக்கே துணையாகிவிடும்.

கேள்வி: சித்திரவதைக் காட்சி ஒன்றை விவரித்தபோது ஒருவர் எழுந்து போய்விட்டார். மற்றவர்கள் அவரைக் கேலி செய்தார்கள்.

பதில்: கேலியை நிறுத்த வேண்டியவர் நீங்கள். தொடர் ஆட்டத்தைத் தொடங்குமுன், பாத்திரங்களை உருவாக்கும் முதல் கூட்டத்திலேயே, எவையெல்லாம் கதையில் வரவே கூடாது, எவை திரைக்குப் பின்னால் நடக்கலாம் என்று ஒவ்வொருவரிடமும் கேட்டு எழுதிவையுங்கள். முன்கூட்டியே ஊகிக்க முடியாதவற்றுக்கு, பெருக்கல் குறி வரைந்த அட்டை ஒன்றை மேசை நடுவில் வைக்கும் வழக்கம் பல குழுக்களில் இருக்கிறது. யாராவது அதைத் தொட்டால் காட்சி மாறும், காரணம் கேட்கப்படாது.

கேள்வி: எனக்குக் குரல் மாற்றிப் பேச வராது. நடத்துநர் ஆகலாமா?

பதில்: தாராளமாக. ‘கிழவர் உங்கள் கண்ணைப் பார்க்காமல், பாலம் பாதுகாப்பானது என்கிறார்’ என்று இயல்பான குரலில் சொன்னாலே போதும்.

கேள்வி: வாரந்தோறும் ஆயத்தம் செய்ய நேரம் கிடைப்பதில்லை. எதைக் குறைப்பது?

பதில்: உலக வரலாற்றையும் அரச பரம்பரைகளையும் குறையுங்கள், அவற்றைக் கேட்பவர் குறைவு. ஒவ்வொரு அமர்வும் முடியும்போது, எல்லோரும் எழுவதற்கு முன், ‘அடுத்து எங்கே போகிறீர்கள், எதற்காக?’ என்று கேட்டு விடையைக் குறித்துக்கொள்ளுங்கள். அந்த இடத்தையும் அங்குள்ள மூன்று மனிதர்களையும் மட்டும் ஆயத்தம் செய்யுங்கள். மறுவாரம் வந்து மனம் மாறிவிட்டது என்பார்கள். அப்போதும் அந்த மூவரையும் வேறு பெயரில் வேறு ஊரில் நடமாட விடலாம்.