பரீட்சை முடியட்டும் என்று மறைத்தீர்களே!

கேள்வி: நான் கொழுந்து எடுக்கப் போகிறவள். என் மகளுக்கு 21 வயது. சின்னதிலிருந்து அவளை வளர்த்தது என் மாமியார்தான். கோவையில் ஹாஸ்டலில் தங்கி பி.காம். முடித்துவிட்டு, ஏழு மாதமாக வீட்டில் இருக்கிறாள். ராத்திரி இரண்டு மணி வரை கம்பளிக்குள் போனை வைத்துக்கொண்டு கொரிய சீரியல் பார்த்துத் தேம்பித் தேம்பி அழுகிறாள். சொந்தப் பாட்டி செத்ததற்கு ஒரு சொட்டுக் கண்ணீர் விடாதவள் இவள். (கடைசிப் பரீட்சை நடந்ததால் நான்கு நாள் கழித்துத்தான் சொன்னோம். நடுவில் போன் செய்தபோது ‘அப்பாயி தூங்குது’ என்று சமாளித்தோம்.) கோபத்தில் போனைப் பிடுங்கிவிட்டேன். மூன்று வாரமாக என்னோடு பேச்சில்லை. கொரியா போகிறோம் என்று கரூர்ப் பிள்ளைகள் வீட்டை விட்டுப் போனதுபோல இவளும் போய்விடுவாளோ என்று பயமாக இருக்கிறது.
– ஒரு தாய், கோத்தகிரி

பதில்: புதுயுகம் தொலைக்காட்சி கொரியத் தொடர்களைத் தமிழ்க் குரலில் காட்டிய காலத்திலிருந்து இந்தக் கடிதம் எனக்கு வந்துகொண்டே இருக்கிறது. ஊரும் வயதும்தான் மாறும். சீரியல் இருக்கட்டும் அம்மா. அடைப்புக்குறிக்குள் இரண்டு வரி எழுதியிருக்கிறீர்களே, அதைப் பேசுவோம்.

‘அப்பாயி தூங்குது.’ இதைச் சொன்னபோது அந்த அம்மாள் எங்கே இருந்தார்? தலைமாட்டில் விளக்கேற்றிக் கிடத்தியிருந்தீர்களா? இல்லை, அடக்கம் முடிந்து குளித்துவிட்டு வந்து பேசினீர்களா? அந்தப் பெண் ‘சரி, எழுந்ததும் பேசச் சொல்லுங்க’ என்று சொல்லித்தானே போனை வைத்திருப்பாள்?

கோவையில் பஸ் ஏறி மேட்டுப்பாளையத்தில் மாறினால் கோத்தகிரிக்கு மூன்று மணி நேரம். துபாயிலிருந்து மகன் வரட்டும் என்று ஐஸ் பெட்டியில் வைத்துக் காத்திருக்கிற ஜனங்கள் நாம். மலைக்குக் கீழே இருந்த பேத்திக்காக அரை நாள் காத்திருக்க முடியவில்லையா? ஒரு பேப்பர் போனால் அரியர், அடுத்த முறை எழுதிக்கொள்ளலாம். பாட்டியை இன்னொரு தரம் எடுக்க முடியுமா? பேரப்பிள்ளைகள் நெய்ப்பந்தம் பிடித்து வழியனுப்புவது போகிறவருக்குச் சேர வேண்டியது, இருக்கிறவர் செய்ய வேண்டியது. இரண்டு பேரிடமிருந்தும் அதைப் பறித்துவிட்டு ‘அழவே இல்லை’ என்று எனக்குப் புகார் எழுதுகிறீர்கள். எதைப் பார்த்து அழுவாள்? கழுவிவிட்ட வீட்டையும் மாலை போட்ட படத்தையும்தானே அவளுக்குக் காட்டினீர்கள்!

கொரியத் தொடர்களில் சாவு வீடு வந்தால் நிதானமாகக் காட்டுவார்கள். அங்கே மூன்று நாள் துக்கம் காப்பது வழக்கம். வெள்ளைச் சாமந்திக்கு நடுவே இறந்தவர் படம். ஓரமாகக் கறுப்பு உடையில் வீட்டார் நிற்பார்கள். வருகிறவர் படத்துக்கு முன்னால் விழுந்து கும்பிட்டுவிட்டு வீட்டார் பக்கம் திரும்புவார், அவர்களும் பதிலுக்குக் குனிந்து வணங்குவார்கள். அப்புறம் வந்தவர்களை உட்கார வைத்துக் காரமான மாட்டிறைச்சி சூப்பும் சோறும் போடுவார்கள். அறுவடைத் திருநாளுக்கும் புத்தாண்டுக்கும் முன்னோருக்குப் படையலும் உண்டு. உங்கள் மகள் எந்தத் தொடரைப் பார்த்து அழுதாள் என்று நீங்கள் எழுதவில்லை. கேட்டிருக்கவும் மாட்டீர்கள். தன் வீட்டில் கிடைக்காத துக்கத்தை அவள் அங்கே போய்க் காத்துவிட்டு வருகிறாள் என்றுதான் நான் நினைக்கிறேன்.

கரூர் பயத்துக்கு நான் ஆறுதல் சொல்லப் போவதில்லை. ஒரே கூரைக்குக் கீழே இருந்துகொண்டே மூன்று வாரமாக உங்களை விட்டுப் போய்த்தானே இருக்கிறாள்?

இன்றைக்கே போனைக் கொடுங்கள். மன்னிப்பும் கேளுங்கள், போனுக்காக அல்ல, அந்தப் பொய்க்காக. பெற்றவள் மகளிடம் மன்னிப்புக் கேட்பதா என்று உங்கள் வீட்டுக்காரர் முறைத்தால், அவரும் கேட்க வேண்டும் என்று நான் சொன்னதாகச் சொல்லுங்கள். பிறகு அப்பாயியின் கடைசி நாளை ஒன்றுவிடாமல் அவளுக்குச் சொல்லுங்கள். கடைசியாக என்ன குடித்தார், பேத்தியைத் தேடினாரா, யார் குளிப்பாட்டினார்கள், எந்தச் சேலை உடுத்தினீர்கள், எல்லாம். நடுவில் அவள் அழுதால் அழட்டும், நீங்கள் நிறுத்தாதீர்கள். அடக்கம் செய்த இடத்துக்குக் கூட்டிப் போங்கள். பெண்பிள்ளை அங்கே வரக்கூடாது என்று எந்தப் பெரியவர் தடுத்தாலும் போங்கள். வருஷத் திதிக்கு அவள் கையால் சமைத்துப் படைக்கட்டும். அன்றைக்கு இன்டர்வியூ வந்தாலும் சரி, திதிதான் முதலில்.

இந்தப் பக்கத்தை மகளிடமும் கொடுங்கள். அவளுக்கும் ஒன்று சொல்ல வேண்டும்.

பெண்ணே, உன் துக்கம் நியாயம். ஆனால் ராத்திரி இரண்டு மணி வரை விழித்திருந்தால் காலையில் எப்படி எழுந்திருப்பாய்? நீ பார்க்கிற தொடர்கள் பலவற்றையும் கொரியாவில் வாரத்துக்கு இரண்டு பாகமாகத்தான் காட்டுகிறார்கள். 16 பாகம் முடிய எட்டு வாரம் அவர்களே பொறுக்கிறார்கள். உனக்கு என்ன அவசரம்? ஒரு ராத்திரிக்கு ஒரு பாகம் போதும். விடியற்காலைப் பனியில் கொழுந்து எடுக்கப் போகிற அம்மாவுக்கு இனி டீ போட்டுக் கொடுக்க வேண்டியது நீதான். சீரியலையும் கம்பளிக்குள் பார்க்காதே. அம்மா பக்கத்தில் உட்கார்ந்து பார். யார் யாருக்கு என்ன உறவு என்று அவர் கேட்டுக்கொண்டே இருப்பார், சலிக்காமல் சொல்.