மும்பையில் மூன்று நாள், எங்கே சாப்பிடுவது?

கேள்வி: ஜனவரியில் குடும்பத்தோடு மும்பை போகிறோம். வெள்ளிக்கிழமை காலை போய்ச் சேர்ந்து ஞாயிறு இரவு ரயில் ஏறுகிறோம். நான், கணவர், 11 வயது மகன், மாமனார், மாமியார். மாமனாருக்கு 72 வயது, சர்க்கரைக்கு மாத்திரை போடுகிறார். மாமியார் வெங்காயம், பூண்டு தொட மாட்டார், முட்டையும் சாப்பிட மாட்டார். கணவருக்கு மீன் வேண்டும். சர்ச்கேட் ஸ்டேஷன் பக்கம் ரூம் போட்டிருக்கிறோம். யூடியூப் பார்த்து 23 ஹோட்டல்களைக் குறித்து வைத்திருக்கிறேன், பட்டியலை இணைத்திருக்கிறேன். எதை வைத்துக்கொள்வது, எதை விடுவது?
வாசகி, திண்டுக்கல்

பதில்: பட்டியலை இரண்டு முறை படித்தேன். மோசமான கடை என்று அதில் ஒன்றுகூட இல்லை. ஆனால் உங்கள் கடிதத்தில் ஒரு விவரம் இல்லை. மாமனார் மதியம் எத்தனை மணிக்குச் சாப்பிடுவார்? நான் அங்கிருந்துதான் தொடங்குவேன். ஏன் என்று சொல்கிறேன்.

நான் 28 வருடம் மும்பை ஃபோர்ட்டில் ஒரு இன்ஷூரன்ஸ் ஆபீஸில் வேலை பார்த்தேன், வீடு சயானில். 1994-இல் அப்பாவும் அம்மாவும் தஞ்சாவூரிலிருந்து முதல்முறையாக வந்தார்கள். ஊரே புகழும் ஒரு ஹோட்டலுக்கு அவர்களை ஞாயிற்றுக்கிழமை மதியம் கூட்டிப் போனேன். போய்ச் சேரும்போது ஒன்றேகால். வாசலில் நோட்டுப் புத்தகத்தோடு நின்றவர் எங்கள் பெயரைப் பதினைந்தாவதாக எழுதிக்கொண்டார். "போனதும் சாப்பாடு வந்துவிடும்" என்று நான் சொன்னதை நம்பி, அப்பா வீட்டிலேயே சர்க்கரை மாத்திரையைப் போட்டுக்கொண்டு வந்திருந்தார். இரண்டு மணிக்கு அவருக்கு வியர்த்துக் கொட்டியது, கை நடுங்கியது, சுவரில் சாய்ந்துவிட்டார். எதிரே இருந்த பான் கடைக்காரர் ஓடிவந்து குளிர்பானத்தைத் திறந்து அவர் வாயில் ஊற்றினார். காசு கொடுத்தபோது வாங்க மறுத்துவிட்டார். ஹோட்டல்மேல் தப்பே இல்லை. ஞாயிறு மதியம் அங்கே அப்படித்தான் கூட்டம் இருக்கும், அது தெரிந்தும் கூட்டிப் போனது நான்.

அன்றிலிருந்து யார் வந்தாலும் பசி தாங்க முடியாதவர் யார் என்று முதலில் பார்ப்பேன், அவருடைய நேரத்தை எழுதிக்கொள்வேன். அப்புறம், அந்த நேரத்தில் நாங்கள் ஊரில் எந்தப் பகுதியில் இருப்போம் என்று பார்ப்பேன். ஹோட்டல் பெயர் கடைசியில்தான். நீங்கள் பெயரில் தொடங்கியிருக்கிறீர்கள், அதனால்தான் 23 வந்திருக்கிறது.

உங்களுக்கு இருப்பது ஏழு வேளை. வெள்ளி மதியமும் இரவும், சனிக்கிழமை மூன்று வேளை, ஞாயிறு காலையும் மதியமும். அன்று இரவுக்குப் பார்சல் வாங்கிக்கொண்டு ரயில் ஏறிவிடுவீர்கள். இந்த ஏழில் ஐந்தை மட்டும் இப்போதே முடிவு செய்யுங்கள். மற்றதை அங்கே போய், கால் வலியையும் வயிற்றையும் கேட்டு முடிவு செய்யலாம்.

மும்பை வடக்கு தெற்காக நீண்டு கிடக்கிற ஊர். சர்ச்கேட்டிலிருந்து போரிவிலி வரை ரயிலிலேயே சுமார் 34 கிலோமீட்டர். நீங்கள் தங்குவது தென்கோடியில். உங்கள் பட்டியலில் ஒன்பது கடைகள் பாந்த்ராவிலும் அதற்கு வடக்கேயும் இருக்கின்றன. அந்த ஒன்பதையும் யோசிக்காமல் அடித்துவிடுங்கள். அந்தப் பக்கம் சாப்பாட்டைத் தவிர உங்களுக்கு வேறு வேலை இல்லை. ஒரு வேளை சாப்பாட்டுக்காக 72 வயதுக்காரரை மாலை ஆறு மணிக் கூட்டத்தில் லோக்கல் ரயிலில் ஏற்றக் கூடாது. மீதியை மூன்று கொத்தாகப் பிரிக்கலாம்: சர்ச்கேட், ஃபோர்ட், கொலாபா ஒரு கொத்து, கால்பாதேவி, கிர்காவ், தார்தேவ் இன்னொன்று, தாதர், மாட்டுங்கா மூன்றாவது.

வெள்ளி மதியம் குஜராத்தி தாளி. உங்கள் பட்டியலில் இருக்கிற ஸ்ரீ தாக்கர் போஜனாலயாவை அப்படியே வைத்துக்கொள்ளுங்கள். 1945-லிருந்து கால்பாதேவியில் இருக்கிற கடை. சர்ச்கேட்டுக்கு அடுத்த ஸ்டேஷனான மரைன் லைன்ஸிலிருந்து பக்கம்தான், ஆனால் சந்துகள் நெரிசலானவை, பெரியவர்களுக்கு டாக்ஸி நல்லது. (அந்தப் பக்கமெல்லாம் ஆட்டோ கிடையாது. சயான், பாந்த்ரா தாண்டித் தெற்கே அதற்கு அனுமதி இல்லை. கறுப்பு மஞ்சள் டாக்ஸியில் நான்கு பேர்தான், நீங்கள் ஐந்து பேர், அதையும் கணக்கில் வையுங்கள்.) சாப்பாட்டுக் கூடம் மாடியில், மாமியாரை மெதுவாக ஏறச் சொல்லுங்கள். பன்னிரண்டேகாலுக்கு உள்ளே இருந்தால் கூட்டத்துக்கு முன்னால் உட்கார்ந்துவிடலாம்.

தாளியில் மாமனாருக்கு ஒரு எச்சரிக்கை. குஜராத்தி பருப்பில் வெல்லம் உண்டு, நாக்குக்கு உடனே தெரியாது. தட்டில் இனிப்பு தனியாகவும் வரும். கம்பு ரொட்டி இருந்தால் அதைக் கேட்டு வாங்கி, கறியோடும் மோரோடும் அவர் நன்றாகவே சாப்பிடலாம். பரிமாறுகிறவர்கள் நிறுத்தவே மாட்டார்கள், அன்பாக நெய்யை ஊற்றிக்கொண்டே போவார்கள். தட்டின் மேல் உள்ளங்கையை விரித்துக் காட்டினால்தான் நகருவார்கள். அதற்குப் பிறகு அன்று மாலை நான்கு மணி வரை எதுவும் திட்டமிட வேண்டாம்.

வெள்ளி இரவு உங்கள் கணவருக்கு. இங்கே ஒன்றை அழுத்திச் சொல்கிறேன்: ஐந்து பேரும் ஏழு வேளையும் ஒரே மேசையில் உட்கார வேண்டும் என்று கட்டாயமில்லை. மீன் வாசனைக்கு நடுவில் மாமியார் தயிர்ச் சாதத்தைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தால் யாருக்கும் சாப்பாடு இறங்காது. அவரும் மாமனாரும் நீங்களும் ரூமுக்குப் பக்கத்தில் ஏதாவது உடுப்பி ஹோட்டலில் ஏழு மணிக்கு முடித்துக்கொள்ளுங்கள். கணவரும் மகனும் ஃபோர்ட்டில் மகேஷ் லஞ்ச் ஹோம் போகட்டும். மங்களூர்ச் சமையல், காஸி என்கிற தேங்காய் அரைத்த குழம்பும் நீர் தோசையும் அங்கே சேர்த்துச் சாப்பிட வேண்டியவை. ஏழரைக்குப் போனால் இடம் கிடைக்கும், மும்பைக்காரர்கள் எட்டரைக்கு மேல்தான் இரவுச் சாப்பாட்டுக்கு வெளியே வருவார்கள். மீன் ஹோட்டல்களில் மெனு கார்டில் சில மீன்களுக்கு விலை இருக்காது, 'அளவைப் பொறுத்து' என்று இருக்கும். மீனைக் காட்டச் சொல்லி, விலையைக் கேட்டு, அப்புறம் சொல்லச் சொல்லுங்கள். கேட்பதில் வெட்கமே வேண்டாம், அங்கே எல்லாரும் கேட்பார்கள். சுர்மாய் என்றால் நம் வஞ்சிரம், பாப்லெட் என்றால் வவ்வால்.

சனிக்கிழமை காலை மாட்டுங்கா. "மும்பை வரை போய் இட்லியா?" என்று உங்கள் கணவர் கேட்பார். நான் இதை விட்டுக்கொடுக்க மாட்டேன். வேலை தேடி வந்த தெற்கத்திக்காரர்கள், அதிலும் கல்யாணமாகாத குமாஸ்தாக்கள், வயிற்றை நம்பி ஒப்படைத்த இடம் அது. அவர்களுக்குச் சோறு போட உடுப்பி, மங்களூர்ப் பக்கத்துக் குடும்பங்கள் கடை திறந்தன. ராம் ஆஷ்ரயா 1939, கஃபே மெட்ராஸ் 1940, ராமா நாயக்கின் உடுப்பி ஸ்ரீ கிருஷ்ணா போர்டிங் 1942. இரண்டு தலைமுறைத் தமிழர்கள் அந்தச் சாம்பாரில் வளர்ந்திருக்கிறார்கள். சாம்பார் நம் ஊர்ச் சாம்பார் இல்லை, கொஞ்சம் இனிக்கும். அதைக் குறையாகச் சொல்லாமல் சாப்பிட்டுப் பாருங்கள். ராம் ஆஷ்ரயாவில் பைனாப்பிள் ஷீரா (நம் கேசரி மாதிரி) மகனுக்கு, கஃபே மெட்ராஸில் ராகி தோசை மாமனாருக்கு. இரண்டில் ஒன்றுக்குத்தான் போக முடியும். ஏழு மணிக்கே போய், எதில் வரிசை குறைவோ அதில் நுழையுங்கள். எட்டரைக்கு மேல் சனிக்கிழமை வாசலில் பெரிய கூட்டம் நிற்கும்.

சர்ச்கேட்டிலிருந்து ரயிலில் போனால் வருகிற ஸ்டேஷன் மாட்டுங்கா ரோடு. அது மேற்கு லைன். இந்தக் கடைகள் இருப்பது மத்திய லைன் மாட்டுங்கா ஸ்டேஷன் பக்கம். பெயரைப் பார்த்து இறங்கிவிட்டு, பெரியவர்களை நடக்க வைத்தவர்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். விடிகாலையில் ரோடு காலியாக இருக்கும், டாக்ஸியிலேயே போய்விடுங்கள். இதை ஞாயிற்றுக்கிழமைக்குத் தள்ளவும் வேண்டாம். ஞாயிறன்று தண்டவாள வேலைக்காக 'மெகா பிளாக்' என்று பல மணி நேரம் ரயில்களைக் குறைப்பார்கள், திரும்பி வருவது கஷ்டம். சாப்பிட்டதும் பூக்கடைகள் வழியாக நடந்து ஆஸ்திக சமாஜம் கோயிலுக்குப் போங்கள். மாமியாருக்குத் தமிழ் காதில் விழும்.

அன்று மதியம் தாதர், மராட்டிச் சாப்பாடு. சிவாஜி பார்க் பக்கம் ஆஸ்வாத், பிரகாஷ் இரண்டும் உங்கள் பட்டியலிலேயே இருக்கின்றன, எது காலியோ அது. மிசல், அதாவது முளைகட்டிய பயறுக் குழம்பு, காரம், மகன் தாங்குவானா என்று நீங்கள்தான் சொல்ல வேண்டும். மாமனாருக்கு தாலிபீட் நல்லது, பல தானிய மாவில் தட்டிச் சுடுவது. ஜவ்வரிசி வடை எல்லாரையும் இழுக்கும், அவருக்குப் பாதி போதும். மராட்டிக்காரர்கள் பீயூஷ் என்று ஒரு பானம் கொடுப்பார்கள், ஸ்ரீகண்ட் என்கிற இனிப்புத் தயிர் போலவே ருசி, ஜாதிக்காய் வாசனை. நான் மும்பையை விட்டு வந்த பிறகு அதிகம் ஏங்குவது அதற்குத்தான்.

மாமியாருக்காக ஒரு சொல்லைக் கற்றுக்கொண்டு போங்கள்: 'ஜெயின்'. மும்பையில் சைவ ஹோட்டல் எதிலும் "ஜெயின் வேண்டும்" என்றால் வெங்காயம், பூண்டு, உருளை எதுவும் இல்லாமல் செய்து தருவார்கள். விளக்கவே வேண்டாம். பாவ் பாஜியில்கூட உருளைக்குப் பதில் வாழைக்காய் போடுவார்கள். வெங்காயம் வேண்டாம் என்று ஹிந்தியில் திணறித் திணறிச் சொன்ன என் அம்மாவுக்கு, இந்த ஒரு சொல் கிடைத்ததும் வந்த தைரியம் எனக்கு இன்னும் நினைவிருக்கிறது. மூன்றாம் நாள் அவரே பேரரைக் கூப்பிட்டுச் சொன்னார்.

ஞாயிறு காலை இரானி கஃபே, இரானிலிருந்து வந்தவர்கள் தொடங்கிய பழைய டீக்கடை. மரைன் லைன்ஸ் பக்கம் கயானி, 1904-இல் தொடங்கியது. பன் மஸ்காவை, அதாவது வெண்ணெய் தடவிய பன்னை, இரானி சாயில் தோய்த்துச் சாப்பிட வேண்டும். அங்கே முட்டையும் அசைவமும் உண்டு, மாவா கேக்கிலும் முட்டை உண்டு. அதனால் மாமியாருக்கு அன்று காலை உடுப்பி ஹோட்டலிலிருந்து இட்லி வாங்கிக் கொடுத்துவிட்டுப் போங்கள். கிளம்புமுன் கடைக்கு போன் செய்து திறந்திருக்கிறதா என்று கேளுங்கள். எல்லாக் கடைக்கும் இதைச் சொல்கிறேன், ஒவ்வொன்றுக்கும் வார விடுமுறை ஒவ்வொரு நாள்.

மீதி வேளைகளுக்கு நான் பெயர் சொல்லப் போவதில்லை. மதியம் மூன்றரைக்கும் மாலை ஏழுக்கும் நடுவில் பல ஹோட்டல்களில் சமையல் இருக்காது. அந்த நேரத்தில் பசித்தால் நாள் முழுக்க நடக்கிற உடுப்பி கடைதான் துணை. உங்கள் கைப்பையில் குளுக்கோஸ் பாக்கெட் ஒன்றும் பிஸ்கட்டும் எப்போதும் இருக்கட்டும். மாத்திரை, தட்டு மேசைக்கு வந்த பிறகு. டாக்டர் வேறு மாதிரி சொல்லியிருந்தால் அவர் சொன்னபடி.

கேள்வி: வெளியூர் போனால் போனில் நட்சத்திரம் பார்த்துத்தான் ஹோட்டல் தேர்ந்தெடுக்கிறேன். பாதி நேரம் ஏமாற்றம்தான். எப்படிப் பார்ப்பது?
வாசகர், காரைக்குடி

பதில்: மொத்த மதிப்பெண்ணை விடுங்கள், பெரிய ஊரில் எல்லாக் கடைக்கும் நான்குக்கு மேல்தான் இருக்கும். புதிய கருத்துகள் முதலில் வரும்படி வைத்துக்கொண்டு கடைசி மூன்று மாதத்தை மட்டும் படியுங்கள். சமையல்காரர் மாறினால் பழைய புகழ் எதற்கும் உதவாது. குறைவாக மதிப்பெண் போட்டவர்கள் எதைக் குறை சொல்கிறார்கள் என்று பாருங்கள். "ஏசி இல்லை, மேசையை அடுத்தவரோடு பகிரச் சொன்னார்கள்" என்றால் எனக்குக் கவலை இல்லை, தைரியமாகப் போவேன். "சாப்பிட்ட இரவு வயிறு கெட்டது" என்று இரண்டு பேர் எழுதியிருந்தால் போக மாட்டேன். சாப்பிட்டவர்கள் போட்ட படங்களில் தட்டை விட மேசையைப் பாருங்கள். குடும்பங்கள், வயதானவர்கள், தனியாக வந்து பேப்பர் படிப்பவர் இருந்தால் அந்த ஊர்க்காரர்கள் சாப்பிடுகிற கடை.

கேள்வி: ஜூலையில் ஆபீஸ் வேலையாக மும்பை போகிறேன். அங்கே மீன் பிரமாதம் என்கிறார்கள். எங்கே போகலாம்?
வாசகர், தூத்துக்குடி

பதில்: மாதம்தான் சரியில்லை. மேற்குக் கடற்கரையில் ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை விசைப்படகுகளுக்கு மீன்பிடித் தடை. மழையும் கடுமையாக இருக்கும். ஹோட்டல்களில் மீன் கிடைக்கும், ஆனால் பெரும்பாலும் ஐஸில் வைத்ததோ வேறு கடற்கரையிலிருந்து வந்ததோதான், விலையும் ஏறியிருக்கும். உங்கள் ஊரில் தடை ஜூன் நடுவில் முடிந்துவிடும், ஆகவே நீங்கள் வீட்டிலேயே அதைவிட நல்ல மீன் சாப்பிடலாம். தாதர் பக்கம் மால்வண் (கொங்கண் கடற்கரைச் சமையல்) ஹோட்டலில் கருவாட்டுக் குழம்பு இருக்கிறதா என்று கேளுங்கள். மழைக்காலத்துக்கென்றே அந்த வீடுகளில் கருவாடு சேர்த்து வைப்பது வழக்கம். கூடவே சோல்கடி, தேங்காய்ப் பாலில் கோகம் புளி கரைத்த இளஞ்சிவப்புப் பானம். சாப்பாடு முடிந்த பிறகு ஒரு டம்ளர் குடியுங்கள்.