ஒரு யூனிட்டுக்கு 243 ரூபாய்: கரண்ட், கேஸ் கேள்வி-பதில்

கே: போன தடவை 498 யூனிட், ரூ.1,792. இந்தத் தடவை 505 யூனிட், ரூ.2,082. ஏழு யூனிட்டுக்கு 290 ரூபாயா? மீட்டர் பழுதா? (வாசகி, திண்டுக்கல்)

ப: மீட்டர் நன்றாகத்தான் ஓடுகிறது, கடித்தது ஸ்லாப், அதாவது கட்டண அடுக்கு. 2024 ஜூலைக் கட்டணப்படி, இரண்டு மாதத்துக்கு 500 யூனிட்டுக்குள் இருந்தால் முதல் 100 இலவசம், அடுத்த 100க்கு ரூ.2.35, அடுத்த 200க்கு 4.70, கடைசி 100க்கு 6.30. மொத்தம் 1,805. 501ஐத் தொட்டதும் அந்த 2.35 காணாமல் போகும். 101 முதல் 400 வரை முழுக்க 4.70. 401 முதல் 500 வரை அதே 6.30. 501ஆவது யூனிட் 8.40. மொத்தம் 2,048.40. ஆக, அந்த ஒரு யூனிட்டின் விலை 243.40.

ரீடிங் எடுப்பவர் நாலு நாள் தாமதமாக வந்தாலும் இதே கதிதான். 60ஆம் நாள் மீட்டரைத் தேதி தெரியப் படமெடுத்து வையுங்கள். தாமதமானால் உதவிப் பொறியாளரிடம் எழுத்தில் கொடுங்கள். அசையாவிட்டால் வட்ட அலுவலகத்தில் உள்ள மின் நுகர்வோர் குறைதீர் மன்றம், அதற்கும் மேல் மின்குறை தீர்ப்பாளர்.

கே: கட்டணம் ஏறியதே பில்லைப் பார்த்த பிறகுதான் தெரிகிறது. முன்கூட்டிச் சொல்ல மாட்டார்களா? (வாசகர், தாம்பரம்)

ப: என் வயிற்றெரிச்சலைக் கிளறிவிட்டீர்கள். 2024இல் 4.83 சதவீத உயர்வுக்கு, கட்டணத்தை நிர்ணயிக்கும் மின்சார ஒழுங்குமுறை ஆணையத்தின் ஆணை வந்த நாள் ஜூலை 15. அமலுக்கு வந்த நாள் ஜூலை 1! ஓடி முடித்த ஃபேனுக்குப் புது விலை. 2022இல் செப்டம்பர் 9 அன்று ஆணை, 10 முதல் அமல். 2020ஆம் ஆண்டின் மின் நுகர்வோர் உரிமை விதிகளோ, எரிபொருள் கூடுதல் கட்டணம் போன்றவை நீங்கலாக, கட்டண மாற்றத்தை ஒரு முழு பில் சுற்றுக்கு முன்பே இணையதளத்திலும் பில்லிலும் தெரிவிக்கச் சொல்கின்றன. நமக்கு அது இரண்டு மாதம்.

இன்னொன்றும் கேளுங்கள். விலைவாசி உயர்வு அல்லது 6 சதவீதம், எது குறைவோ அது ஜூலைதோறும் ஏறும் என்று 2022 ஆணையிலேயே எழுதியாகிவிட்டது. 2023இன் 2.18 சதவீதத்தையும் 2025இன் 3.16 சதவீதத்தையும் வீடுகளுக்காக அரசே ஏற்றதால் உங்களுக்கு உறைக்கவில்லை. ஜூலையில் கத்திப் பயனில்லை. 2022 ஆகஸ்டில் கோவை, மதுரை, சென்னையில் நடந்த கருத்துக்கேட்பில் கத்தியிருக்க வேண்டும். அந்த ஆணையின் காலம் 2026-27உடன் முடிகிறது. மின்வாரியத்தின் அடுத்த கட்டண மனு ஒழுங்குமுறை ஆணையத்தின் இணையதளத்தில் வரும்; ஆட்சேபணைகளைப் பரிசீலித்த பிறகே ஆணை போட முடியும். ‘உயர்த்தாதீர்கள்’ என்று ஒற்றை வரி எழுதாதீர்கள். மின் இழப்பு, கொள்முதல் விலை, கடன் வட்டி ஆகிய அட்டவணைகளைப் பிடித்துக் கேள்வி கேளுங்கள்.

கே: கேஸ் விலைக்கும் இப்படிக் கருத்துக் கேட்பார்களா?

ப: மாட்டார்கள். 2025 ஏப்ரல் 7 அன்று அறிவிப்பு. மறுநாள் 50 ரூபாய் ஏறி சென்னையில் ரூ.868.50 ஆனது. அவ்வளவுதான்.

கே: சிலிண்டர் போடுபவர் 50 ரூபாய் கூடக் கேட்கிறார். எடையும் குறைவு போலிருக்கிறது.

ப: பில் தொகைக்கு மேல் தராதீர்கள், வீடுவரை கொண்டுவரும் கூலி அதற்குள்ளேயே அடக்கம். ‘போலிருக்கிறது’ என்பதெல்லாம் புகாரில் செல்லாது. சிலிண்டரின் மேல்பகுதியில் காலி எடை எழுதியிருக்கும். 15.3 என்றிருந்தால் கேஸின் எடை 14.2ஐக் கூட்டுங்கள்: 29.5 கிலோ. தராசு கொண்டுவர வேண்டியது அவர் பொறுப்பு. சீலைப் பிரிக்கும் முன் தொங்கவிடச் சொல்லுங்கள். பிரித்து, நாலு நாள் சமைத்துவிட்டு எழுதுபவர்களுக்கு என்னிடம் பதில் இல்லை.

கே: பிளக்கில் செருகும் ‘பவர் சேவர்’ வாங்கலாமா?

ப: வேண்டாம். உள்ளே ஒரு கெப்பாசிட்டர், ஒரு எல்.இ.டி. வீட்டு மீட்டர் எண்ணுவது கிலோவாட் மணியை, அதாவது யூனிட்டை. கெப்பாசிட்டரால் அது குறையாது. என் மேசை டிராயரில் இரண்டு தூங்குகின்றன.

கே: ‘புதிய கட்டணப் பாக்கி, இன்றிரவு 9.30க்கு மின்வெட்டு’ என்று எஸ்.எம்.எஸ். லிங்க்கில் 10 ரூபாய் கட்டினேன். 18,000 போய்விட்டது.

ப: முதலில் சைபர் மோசடிப் புகார் எண் 1930க்குப் போன் போடுங்கள், கையோடு வங்கிக்கும். தப்பு உங்களுடையது அல்ல, திருடனுடையது. பில் கட்ட, ரீடிங் எடுத்த நாளிலிருந்து 20 நாள் அவகாசம் உண்டு. ராத்திரி ஒன்பதரைக்கு ஃபியூஸைப் பிடுங்க எந்த லைன்மேனும் வர மாட்டார்.