முழங்காலுக்கு வந்த 5 லட்சம் சம்பளத்தில் ஏறிவிட்டது, என்ன செய்வது?

கேள்வி: எனக்கு தூத்தூர், மீன்பிடித் தொழில். மகன் ஒரு கால்பந்து கிளப்பில் மாதம் 90,000 சம்பளத்தில் இரண்டு வருட ஒப்பந்தத்தில் ஆடுகிறான். ஆட்டத்தில் முழங்கால் ஜவ்வு கிழிந்து ஆபரேஷன் ஆனது. கிளப் சம்பளத்தை நிறுத்தவில்லை, காப்பீட்டுப் பணம் என்று 5 லட்சமும் போட்டது. ஆனால் நல்ல தொகை வரியாகப் பிடித்துவிட்டார்கள். அடிபட்ட காசுக்குமா வரி?

பதில்: அண்ணாச்சி, முதலில் மகனின் ஃபார்ம் 16ஐ, அதாவது சம்பளத்தையும் பிடித்த வரியையும் காட்டி கிளப் தரும் சான்றை, எடுத்துப் பாருங்கள். அந்த 5 லட்சம் சம்பளத்தோடு சேர்ந்திருக்கிறதா? அப்படித்தான் இருக்கும் என்று நினைக்கிறேன்.

கணக்கு இதுதான். வருடச் சம்பளம் 10,80,000. அதில் நிலையான கழிவு 75,000 போனால் 10,05,000. 2025-26 நிதியாண்டில் புதிய வரி முறையில் 12 லட்சம் வரை தள்ளுபடி இருப்பதால் ஒரு பைசா வரி இல்லை. 5 லட்சத்தையும் சம்பளமாக ஏற்றினால் அதே கணக்கு 15,05,000 ஆகி, வரியின் மேல் போடும் செஸ்ஸும் சேர்த்து 1,09,980 ரூபாய் வரி.

கட்டிலில் கிடந்த மாதங்களின் சம்பளமும் சம்பளம்தான், அதில் பேச்சில்லை. காப்பீடு விஷயத்தில்தான் பாலிசி யாருக்காக எடுத்தது என்று பார்க்க வேண்டும். உடல் சேதத்துக்காக உங்கள் மகனுக்கே சேர வேண்டிய விபத்துக் காப்பீடு என்றால் பொதுவாக அது வருமானம் ஆகாது. கிளப் தன் சம்பளச் செலவை ஈடுகட்ட எடுத்த பாலிசி என்றால் அந்தப் பணம் கிளப்பின் வரவு. அதிலிருந்து மகனுக்குக் கொடுத்தது சம்பளமாகத்தான் போகும். கரை ஏறியதும் டீசல், ஐஸ் செலவைத் தனியாக எழுதிவிட்டுத்தானே பங்கு பிரிப்பீர்கள், அந்தக் காசைப் பங்கில் சேர்த்து எழுதினால் சும்மா விடுவீர்களா? இதுவும் அதே சண்டைதான்.

கிளப் தன் கணக்குப் புத்தகத்தில் இதை எப்படி எழுதும் என்றால், ஆடினாலும் ஆடாவிட்டாலும் சம்பளம் அந்தந்த மாதச் செலவு. அவனை வாங்க வேறு கிளப்புக்குப் பணம் கொடுத்திருந்தால் அதை ஒப்பந்த காலம் முழுக்கப் பிரித்து எழுதுவார்கள், இனி ஆடவே முடியாது என்றால் மிச்சத்தை மொத்தமாக நட்டத்தில் தள்ளுவார்கள். காப்பீட்டுப் பணத்தை, வருவது ஏறக்குறைய உறுதியான பிறகுதான் வரவு வைக்கலாம்.

உலகக் கால்பந்துச் சங்கமான ஃபிஃபாவிலிருந்து காசு வரும் என்று ஊரில் யாராவது சொல்லியிருப்பார்கள். அது நாட்டு அணிக்கு ஆடப்போய் அடிபட்டு, தொடர்ந்து 28 நாளுக்கு மேல் ஆட முடியாமல் போனால் கிளப்புக்குப் போகிற காசு, நாளுக்கு அதிகபட்சம் 20,548 யூரோ. இரவிபுத்தன்துறை கால்பந்து வீரர் சூசைராஜுக்கு 2020 நவம்பரில் ஐஎஸ்எல் (இந்தியன் சூப்பர் லீக்) முதல் ஆட்டத்திலேயே முழங்கால் போனது நினைவிருக்கும். அது மாதிரி கிளப் ஆட்டத்தில் படும் காயத்துக்கு இந்தத் திட்டம் கிடையாது.

சரி, இப்போது கிளப்பிடம் பாலிசி நகலும், காப்பீட்டு நிறுவனம் பணம் தந்த கடிதமும் எழுத்தில் கேளுங்கள். பணம் மகனுக்கானது என்று அதில் இருந்தால் ஃபார்ம் 16ஐத் திருத்தித் தரச் சொல்லுங்கள். மறுத்தால் ஆடிட்டரை வைத்து ரிட்டனில் அந்தத் தொகையை நீக்கிக் காட்டி, பிடித்த வரியை ரீஃபண்ட் கேட்கலாம். நோட்டீஸ் வரலாம், காகிதம் கையில் இருந்தால் பயமில்லை. ரிட்டன் போட ஜூலை 31 கடைசி நாள்.

அப்புறம், ஒப்பந்தத்தை இத்தோடு முடித்துக்கொள்வோம் என்று ஒரு தொகையோடு கடிதம் நீட்டினால், அந்தத் தொகைக்கு வரி உண்டு, அதனால் கையில் என்ன மிஞ்சும் என்று பார்க்காமல் பையனைக் கையெழுத்துப் போட விடாதீர்கள்.